கல்லுக்குள் காற்று

குப்பனூருக்கு அருகே, ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையினின்றும் சிறிது விலகி, நீர் வற்றிப்போன பழங்கிணறு ஒன்றுண்டு. நெடுங்காலமாக அதனுள் எவரும் இறங்குவதில்லை. ஏன் என்று கேட்டோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உள்ளே முனி இருக்குதுங்க, வாத்தியாரே. விளக்கை இறக்கிப் பாருங்க, ஊதி அணைச்சிடும்" என்றார்.

பெரியவர் பொய் சொல்லவில்லை. விளக்கு அணைவதைக் கண்ணால் கண்டவர் அவர். முனி என்பதோ, அவருடைய பாட்டன் சொல்லிக் கேட்டது. கண்ட காட்சியை நாம் மறுக்கவில்லை. கேட்ட காரணத்தைத்தான் சோதிக்க எண்ணினோம்.

சோதிக்கும் வழியைச் சொன்னவன் நம்முடன் வந்திருந்த மாணவன் ஒருவன். அந்தப் பெருமை அவனுக்கே உரியது. அரிக்கேன் விளக்கையும் பேட்டரி விளக்கையும் ஒரே கயிற்றில் சேர்த்துக் கட்டி இறக்குவோம் என்றான். இறக்கினோம். பாதி ஆழம் போனதும் அரிக்கேனின் சுடர் சுருங்கிற்று, நடுங்கிற்று, அணைந்தது. பேட்டரி விளக்கோ கிணற்றின் அடிவரை சென்று, அங்கே மக்கிக் கிடந்த சருகுகளை நமக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. எண்ணெய் விளக்கின்மீது மட்டும் முனிக்கு என்ன பகை? பெரியவரைப் பார்த்தோம். "பேட்டரி வெள்ளைக்காரன் செஞ்சதாச்சே! அவன்கிட்ட நம்ம முனி வாலாட்டுமா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். நாமும் சிரித்தோம்.

அடுத்து, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலாக நின்ற தெளிநீரை அகன்ற ஏனமொன்றில் ஊற்றி, மெல்லக் கிணற்றில் இறக்கினோம். சற்று நேரங்கழித்து மேலே எடுத்தால், பாலின்மீது ஆடை படிவதுபோல் நீரின்மீது வெள்ளை ஆடை! எஞ்சிய சுண்ணாம்பு நீரில், பப்பாளி இலைக்காம்பைக் குழாயாக வைத்து, அந்த மாணவனையே ஊதச் சொன்னோம். அதுவும் வெளுத்தது. கிணற்றுக்குள் இருந்த முனி, பையனின் நெஞ்சுக்குள்ளும் இருந்தது!

அதன் பெயர் கரியமில வாயு. சருகு மக்கும்போதும், விறகு எரியும்போதும், நாம் மூச்சு விடும்போதும் தோன்றுவது. காற்றைப்போல் ஒன்றரை மடங்கு எடையுள்ளதாகையால், காற்றோட்டமில்லாத பள்ளங்களில் தேங்கி நிற்கும். அதனைப் பிடித்து, நிறுத்து, உலகுக்கு அறிவித்த வரலாற்றை இம்மலையடியில் நின்றுகொண்டு சொல்வதற்குத் தனிப்பொருத்தம் ஒன்றுண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

காற்று என்பது ஒரே பொருள், அதற்குமேல் பிரிக்கவொண்ணாத பூதம் என்று நம் நாட்டார் நம்பினர். ஐம்பூதங்களுள் ஒன்றாக அதனை வைத்தனர். கிரேக்கரும் நான்கு பூதங்களுள் ஒன்றாக வைத்தனர். இதில் எவரையும் இகழ்வதற்கில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, கருவியேதும் இல்லாத காலத்தில், அவ்வளவுதான் எண்ணமுடியும். ஆனால் அந்தப் பூதத்துக்குக் கோயில் கட்டி, மந்திரம் ஓதி, அதன் இயல்பை ஆராய்வதே பாவம் என்று ஆக்கிய பிறகு, ஆராய்கிறவன் எங்கிருந்து வருவான்? அவன் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வந்தான். வந்த இடத்திலும் அவனுக்கு வரவேற்பு எப்படி இருந்தது என்பதை இனிக் காண்போம்.

ஜோசப் பிளாக் என்பவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்றவர். சிறுநீர்ப்பையில் உண்டாகும் கல்லைக் கரைக்க மருந்து தேடியவர். அக்காலத்தில் அதற்கெனக் கொடுக்கப்பட்டவை உடலை அரிக்கும் கடுங்காரங்கள். மென்மையான ஒன்று கிடைக்குமா என்று தேடிய பிளாக், எப்சம் உப்பிலிருந்து செய்யப்படும் வெள்ளை மக்னீசியா என்ற பொடியை எடுத்து ஆராய்ந்தார். மருந்து கிடைக்கவில்லை, கிடைத்தது அதனினும் பெரிது. பொடியைச் சூளையிலிட்டுச் சுட்டார். எடை பெரிதும் குறைந்தது. சுடாத பொடியின்மீது அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். சுட்ட பொடியோ பொங்கவில்லை. குறைந்த எடை எங்கே போயிற்று? நீராகப் போனது சிறிதளவே. எஞ்சியது காற்றாகப் போயிருக்கவேண்டும் என்று கணக்கிட்டார். கல்லுக்குள் கட்டுண்டு கிடந்த காற்று என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். 1754-இல் அவர் எழுதிய பட்ட ஆய்வுரையிலும், 1756-இல் வெளியிட்ட விரிவான கட்டுரையிலும் இச்செய்தி உள்ளது. காற்று என்பது ஒரே பொருள் என்ற ஈராயிரம் ஆண்டு நம்பிக்கை தராசுத் தட்டொன்றில் விழுந்து நொறுங்கிற்று.

மூச்சுக்காற்றிலும் அதே வாயு உண்டு என்று சுண்ணாம்பு நீரைக்கொண்டு காட்டியவரும் அவரே. கிளாஸ்கோவில் மாதா கோயில் ஒன்றின் கூரையிலிருந்த காற்றுப்போக்கியின்மீது, கந்தையில் சொட்டும்படி கார நீரை வைத்துவிட்டு வந்தாராம். கீழே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நெடுநேரம் கூடித் தொழுதனர். மேலே கந்தையில் கரியமில வாயு வந்து பற்றியிருந்தது. தொழுதவர் உள்ளத்திலிருந்து மேலே சென்றது எதுவோ நாமறியோம். மூச்சிலிருந்து சென்றதற்கு பிளாக் கணக்கு வைத்திருந்தார்.

இப்போது நம் மலைக்கு வருவோம். சேலம் நகருக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே வெண்ணிறத் திட்டுகளோடு சில குன்றுகள் தெரியும். ஆங்கிலேயர் அவற்றைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று எழுதிவைத்தனர். அது தவறு, அவற்றில் இருப்பது சுண்ணாம்பன்று. நம் மக்கள் வெள்ளைக்கல் என்று சொல்வது மேக்னசைட். இராவணனோடு போரிட்டு வீழ்ந்த ஜடாயுவின் எலும்புகளே அவை என்று ஒரு கதை வழங்கிவந்தது. பறவையின் எலும்பைச் சூளையிலிட்டு உருக்காலைக்கு அனுப்பமுடியுமா? முடிந்தது! வெட்டியெடுத்துச் சுட்டு, 2800 பாகை வெப்பத்தையும் தாங்கும் பொருளாக்கி, எஃகு உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்தனர். நூறாண்டுக்கு மேலாக இங்கே சுரங்கத் தொழில் நடந்தது. 1979-இல் தமிழ்நாடு அரசே அதற்கென ஒரு நிறுவனம் கண்டது.

பிளாக் சுட்ட பொடிக்கும் நம் வெள்ளைக்கல்லுக்கும் உறவு மிக நெருக்கம். இரண்டிலும் மக்னீசியத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பது அதே கரியமில வாயுதான். தூய வெள்ளைக்கல் நூறு கிலோ எடுத்துச் சூளையில் சுட்டால், அடியில் மிஞ்சுவது 48 கிலோ. மீதி 52 கிலோ புகைபோக்கி வழியே கரியமில வாயுவாகப் போய்விடும். கல்லில் பாதிக்குமேல் காற்று! அந்த 52 கிலோவையும் ஓரிடத்தில் அடைத்தால், பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையொன்றை நிரப்பும். எடின்பரோவில் ஒருவர் பிடியளவு பொடியில் கண்டதன் பேருருவம், நம் வீட்டு வாயிலில் குன்றாக நின்றது. நாமோ எலும்புக்கதை சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிளாக்கின் மாணவர் டேனியல் ரூதர்ஃபோர்டு 1772-இல் அடுத்த அடியை வைத்தார். மூடிய கலத்துக் காற்றில் உயிரை வளர்த்தும் சுடரை எரித்தும் நல்ல பகுதியைத் தீர்த்துவிட்டு, தோன்றிய கரியமில வாயுவையும் காரநீரால் நீக்கினார். எஞ்சிய பெரும்பகுதியில் விளக்கும் எரியவில்லை, எலியும் பிழைக்கவில்லை. அதுவே நைட்ரஜன். உலர்ந்த காற்றில் நூற்றுக்கு 78 பங்கு அதுதான். நச்சன்று, ஆனால் அதை மட்டும் உண்டு உயிர் வாழ முடியாது, அவ்வளவே.

உயிரைக் காக்கும் 21 பங்கைக் கண்டவர் இருவர். சுவீடன் நாட்டு மருந்துக்கடைக்காரர் ஷீலே முதலில் கண்டார். அவருடைய நூல் அச்சேறி வெளிவர 1777 ஆகிவிட்டது. அதற்குள், 1774 ஆகஸ்டு முதல் நாளன்று, இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி பெரிய குவிவில்லையொன்றால் பாதரசச் சிவப்புப் பொடியின்மீது வெயிலைக் குவித்து, அதே வாயுவைப் பெற்றுவிட்டார். மெழுகுவத்தி அதில் ஒளிவீசி எரிந்தது. பிரீஸ்ட்லி ஒரு பாதிரியார். ஆனால் அரசுத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்காதவர், பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவர். அதற்குக் கிடைத்த பரிசு யாது? 1791 ஜூலையில் பர்மிங்காம் நகரில், மதத்தின் பேராலும் மன்னன் பேராலும் கூச்சலிட்டுவந்த கும்பல், அவருடைய வீட்டையும், ஆய்வுக்கூடத்தையும், நூல்களையும் தீக்கிரையாக்கிற்று. எரிவதற்கு எந்த வாயு தேவை என்று கண்டு சொன்னவரின் வீடு, அந்த வாயுவைக் குடித்தே எரிந்தது. 1794-இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

அதே 1794-இல், மே 8-ஆம் நாள், பாரிஸ் நகரில் லவாய்சியேயின் தலை வெட்டப்பட்டது. எரிதல் என்பது பொருளோடு இந்த வாயு சேர்வதுதான் என்று விளக்கி, அதற்கு ஆக்சிஜன் என்ற பெயரையும் சூட்டியவர் அவர். வரிவசூல் குத்தகைக் கூட்டத்தில் பங்காளியாக இருந்தவர் என்பதால் புரட்சிமன்றம் தண்டித்தது. அங்கே மன்னனை ஆதரித்த கும்பல், இங்கே மன்னனை ஒழித்த மன்றம்! இரண்டையும் சேர்த்தே நாம் சொல்கிறோம். நமக்குப் பிடித்த பக்கம் செய்த தவற்றை வரலாற்றிலிருந்து துடைத்துவிட நமக்கு உரிமையில்லை.

அந்தப் பெயரிலும் ஒரு பிழை உண்டு. ஆக்சிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது இருக்கும் என்று லவாய்சியே எண்ணினார். உப்பிலிருந்து பெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லவே இல்லை என்று 1810-ஐ ஒட்டி ஹம்ப்ரி டேவி காட்டிவிட்டார். பெயரை வைத்துக்கொண்டார்கள், பிழையை விட்டுவிட்டார்கள். பெரியவர் சொன்னதாயிற்றே என்று எவரும் அதற்கு உரை எழுதிக்கொண்டிருக்கவில்லை.

78-ம் 21-ம் சேர்ந்து 99. மீதி? 1785-இல் கேவண்டிஷ் என்பவர், காற்றிலுள்ள நைட்ரஜனை மின்பொறியால் ஆக்சிஜனோடு சேரவைத்துக் கரைத்துக்கொண்டே போனார். எவ்வளவு முயன்றும் ஒரு சிறு குமிழி கரையாமல் நின்றது. நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேற்படாதது. அதை எழுதிவைத்துவிட்டுப் போனார். நூறாண்டுக்கும் மேலாக அந்தக் குமிழியை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் ரேலே பிரபு, காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனையும், அம்மோனியாவிலிருந்து செய்த நைட்ரஜனையும் ஒரே கண்ணாடிக் குடுவையில் நிரப்பி நிறுத்தார். ஒன்று 2.310 கிராம், மற்றொன்று 2.299 கிராம். நெல்மணி ஒன்றின் எடையினும் சிறிய வேறுபாடு! வேறொருவர் கைப்பிழை என்று தள்ளியிருப்பார். ரேலே தள்ளவில்லை. வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து 1894-இல் ஆர்கான் என்ற வாயுவைக் கண்டறிந்தார். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு அது. நாம் உண்ணும் ஒவ்வொரு மூச்சிலும் கரியமில வாயுவைவிட இருபது மடங்குக்கு மேல் இருந்தும், எதனோடும் சேராமல் ஒதுங்கியிருந்ததால் அகப்படாமல் இருந்தது.

இந்த ராம்சே நமக்கு முற்றிலும் அயலாரல்லர். பெங்களூரில் அறிவியல் கழகம் அமைக்கலாம் என்று, 1900-இல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துப் பரிந்துரைத்தவர் அவர். அவருடன் 1898-இல் நியான், கிரிப்டான், செனான் ஆகிய மூன்றையும் காற்றிலிருந்து பிரித்தெடுத்த மோரிஸ் டிராவர்ஸ்தான் அக்கழகத்தின் முதல் இயக்குநர். காற்றின் கடைசித் துளிகளைத் தேடிப் பிடித்தவர், சேலத்திலிருந்து ஒருநாள் பயணத்துக்குள் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஹீலியத்தின் கதை இன்னும் அணுக்கம். 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் வழியே முழுச் சூரிய கிரகணம் கடந்து சென்றது. குண்டூரில் பிரான்சு நாட்டு ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத் தலைவர் போக்சன், வனபர்த்தியில் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ரகுநாதாச்சாரி ஆகியோர் தொலைநோக்கியோடு நின்றனர். கதிரவனைச் சூழ்ந்த செந்நாக்குகளின் ஒளியில் மஞ்சள் கோடொன்று காணப்பட்டது. அன்று பூமியில் அறியப்பட்டிருந்த எப்பொருளோடும் அது பொருந்தவில்லை. கதிரவனின் பெயராலேயே ஹீலியம் என்றனர். 1895-இல் ராம்சே அதைப் பூமியிலேயே, யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து பெற்றார். அந்நாளில் அதே வானத்தின்கீழ் எத்தனையோ ஆயிரம் மக்கள், இராகு விழுங்குகிறான் என்று கதவடைத்து, தர்ப்பை போட்டு, உண்ணாமல் இருந்திருப்பர். விழுங்கப்பட்ட சூரியனின் விளிம்பில்தான் புதிய வாயு கிடைத்தது. ரகுநாதாச்சாரியைக் குறித்து ஒரு சொல்: பிறந்த குலம் எதுவாயினும், பஞ்சாங்கத்தைக் கண்ணால் கண்ட கணக்குக்கு ஏற்பத் திருத்தவேண்டும் என்று பாடுபட்டவர் அவர். அதற்குரிய மதிப்பை அவருக்குத் தருவதில் நமக்குத் தயக்கமில்லை.

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள், "மலைக்காற்றில் பிராணவாயு அதிகம்" என்று மார்பை விரித்து மூச்சிழுப்பதைக் காண்கிறோம். கீழே சேலத்திலும் 21 பங்கு, மேலே ஏற்காட்டிலும் 21 பங்கு, விகிதம் மாறுவதில்லை. ஆனால் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 85 விழுக்காடுதான். ஆகவே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு அங்கே குறைவு! மலைக்காற்று இனிப்பதற்குக் குளிர்ச்சியும் தூசின்மையும் காரணம்.

இனி, நம் அணியில் உள்ளவர்க்கே ஒரு சொல். புளியமரத்துப் பேயை விளக்கும்போது, "இரவில் மரம் கரியமில வாயுவை விடுகிறது, அது மூச்சை அடைப்பதைத்தான் பேய் அமுக்குவதாக நினைக்கிறார்கள்" என்று மேடையில் பேசுகிறோம். நாமும் அப்படிப் பேசியிருக்கிறோம். மரம் இரவில் அவ்வாயுவை விடுவது உண்மை. ஆனால் திறந்தவெளியில் அது காற்றோடு கலந்து சிதறிவிடும். மனிதனின் மூச்சை அடைக்கும் அளவுக்கு ஒருபோதும் சேராது. அருகே படுத்துறங்குவோர் விடும் மூச்சுக்கு அஞ்சாதவன், மரத்தின் மூச்சுக்கு அஞ்சவேண்டியதில்லை. பேய் பொய் என்பதற்காக நாம் சொல்லும் காரணம் மெய்யாகிவிடாது. அதையும் நிறுத்துப் பார்த்தபின் சொல்லவேண்டும்.

கிணறு மூடிய பள்ளம். மரத்தடி திறந்த வெளி. இந்த வேறுபாட்டில்தான் உயிரும் சாவும் இருக்கின்றன.

மூடிய பள்ளங்களில் கொடியது கழிவுநீர்த் தொட்டி. அங்கே கரியமில வாயுவோடு மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்கின்றன. கடைசியாகச் சொன்னது அழுகிய முட்டை நாற்றமுடையது. நாற்றம் வந்தால் விலகிவிடலாமே என்பீர்கள். பத்துலட்சம் பங்கில் நூறு பங்கு அளவை எட்டினால் அது மோப்ப நரம்பையே செயலறச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று எண்ணும் நேரமே மிகப் பெரிய ஆபத்தின் நேரம். அளவு இன்னும் பலமடங்கு ஏறினால், ஓரிரு மூச்சில் நினைவு போய்விடும். முதலில் இறங்கியவர் விழுகிறார், அவரைத் தூக்க இறங்கியவர் அவர்மேல் விழுகிறார், மூன்றாமவரும் இறங்குகிறார்.

மறுநாள் ஏடுகளில் "விஷவாயு தாக்கிப் பலி" என்று வருகிறது. சொல்லைக் கவனியுங்கள். வாயு எழுந்து நடந்துவந்து தாக்கிற்றாம்! கிணற்று முனி விளக்கை ஊதி அணைத்தது என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வாயு எங்கும் நடந்து வரவில்லை. அது இருக்கும் இடம் தெரியும், செய்யும் வேலை தெரியும், 18-ஆம் நூற்றாண்டிலேயே ஷீலே அதை ஆராய்ந்து எழுதிவிட்டார். தெரிந்தும் கூலி பேசி ஒருவரை உள்ளே இறக்கியவர் ஒருவர் உண்டு. இறக்கப்பட்டவர் பெரும்பாலும் எந்தச் சேரியிலிருந்து வந்தவர் என்பதும் நாடறிந்தது. முனியின் பெயர் மாறியிருக்கிறது. பழி ஏற்கவேண்டியவரை மறைக்கும் வேலை மாறவில்லை.

1993-இல் ஒரு சட்டம், 2013-இல் அதனினும் கடுமையான மற்றொரு சட்டம் வந்தன. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆள் இறக்குபவர்க்கு, முதல் குற்றத்துக்கே ஈராண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது பின்னது. 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு இறந்தோர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரும்படி ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்திற்று. அதன் பின்னும் ஏடுகளில் அந்த வரி வந்துகொண்டிருக்கிறது.

கிணற்றடியில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியவர் திடுமெனக் கேட்டார்: "சேலத்துல என் மகன் வீட்டுத் தொட்டியை நாளைக்கு எடுக்கச் சொல்லியிருக்குதுங்க. ரெண்டு பேர் வர்றாங்க. இதே மாதிரி விளக்கை இறக்கிப் பார்த்துட்டு இறங்கச் சொல்லட்டுங்களா?"

வேண்டவே வேண்டாம் என்றோம். கிணற்றுக்குப் பயன்பட்ட விளக்கு தொட்டிக்குப் பயன்படாது. அங்கே மீத்தேன் இருந்தால் சுடர்பட்டு வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் சுடர் அணையாமல் எரிந்துகொண்டேயிருக்கும். எரிகிறதே என்று நம்பி இறங்குகிறவன் பிணமாவான். உறிஞ்சும் குழாய் பொருத்திய ஊர்தியை வரவழையுங்கள், தலையைக்கூட உள்ளே நீட்ட விடாதீர்கள் என்றோம்.

பெரியவர் சிறிது நேரம் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மடியிலிருந்து கைபேசியை எடுத்து மகனை அழைத்தார். ஊர்திக்கு ஆகும் வாடகையைப் பற்றி இருவருக்கும் சற்று வாக்குவாதம் நடந்தது. பெரியவர் குரல் உயர்ந்தது. மறுநாள் காலை ஊர்தி போயிற்று. வந்த இருவரும் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றார்கள்.